15 வருஷ பைக்கை ஓட்டுவதா? டியூ போட்டு புதுசு எடுப்பதா? கணக்கு போட்டால் தெரியும் உண்மை

சென்னை,

"அண்ணே, இந்த வண்டிக்கு இன்னும் எவ்வளவுதான் செலவு பண்றது? பேசாம புதுசு எடுத்துரலாமா?"

சென்னையில் எந்த டூவீலர் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும்.

"என்ஜின் நல்லாத்தான் இருக்கு தம்பி. செயின் செட்ட மாத்துனா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்பார் ஒரு மெக்கானிக். "இதுல போடுற காசுக்கு மாசாமாசம் டியூவே கட்டிரலாம்" என்பார் அடுத்த தெரு மெக்கானிக்.

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஏனென்றால் வண்டியின் வயதை மட்டும் வைத்து முடிவு எடுக்க முடியாது. அது ஒரு நாளைக்கு எத்தனை கிலோ மீட்டர் ஓடுகிறது, அது மக்கர் செய்தால் எத்தனை நாள் கூலி போகிறது என்பதுதான் உண்மையான கணக்கு.

கூலி வேலைக்குப் போகிறவர், மீன் வியாபாரி, பெயிண்டர், பிளம்பர், டெலிவரி பாய் என்று லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு வண்டிதான் சோறு போடுகிறது. அதில் தப்பான முடிவு எடுத்தால் 3 வருஷத்துக்கு குடும்பமே திண்டாட வேண்டி இருக்கும். இதுபற்றிய விவரம் வருமாறு:-

15 வயது பயம்

"15 வருஷம் ஆயிட்டா வண்டிய புடுங்கிட்டுப் போயிருவாங்களாம்" என்ற பேச்சு பல இடங்களில் உலவுகிறது. இந்தப் பயத்திலேயே நன்றாக ஓடும் வண்டியை வந்த விலைக்கு தள்ளிவிடுபவர்கள் உண்டு.

இந்தக் குழப்பத்துக்கு 3 காரணங்கள் உள்ளன.

முதலாவது, டெல்லி. அங்கு காற்று மாசு காரணமாக 10 ஆண்டான டீசல் வண்டிகளும், 15 ஆண்டான பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்று 2018-ம் ஆண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2025 ஜூலை 1-ந் தேதி முதல் அங்குள்ள பங்க்குகளில் பழைய வண்டிகளுக்கு பெட்ரோல் கிடையாது என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பழைய வண்டிகள் மீது கடும் நடவடிக்கை கூடாது என்று கூறிய சுப்ரீம் கோர்ட்டு, டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும்தான் என்று திருத்தியது. இத்தனையும் டெல்லி மற்றும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கு உரியது.

இரண்டாவது, அரசு வண்டிகள். 15 ஆண்டுக்கு மேலான அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல் ரத்து செய்யப்பட்டது. அது அரசுக்குச் சொந்தமான வண்டிகளுக்கான விதி. தனியார் பைக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மூன்றாவது, பழைய வாகனங்களை உடைக்கும் கொள்கை. 2021 ஆகஸ்டு 13-ந் தேதி பிரதமர் மோடி இதைத் தொடங்கி வைத்தார். இந்தக் கொள்கையிலும் வயது ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் தனியார் வண்டியை உடைக்க வேண்டும் என்று இல்லை. வண்டி ஓடத் தகுதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதாவது சொந்த உபயோக பைக்குக்கு முதல் பதிவு 15 ஆண்டுக்கு செல்லும். அதன்பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யை புதுப்பித்துக்கொண்டு தொடர்ந்து ஓட்டலாம்.

கட்டணம் எவ்வளவு?

15 ஆண்டு முடிந்த பைக்கின் ஆர்.சி.யை புதுப்பிக்க முன்பு ரூ.300 இருந்தது. 2022 ஏப்ரல் 1-ந் தேதி முதல் இது ரூ.1,000 ஆக உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் மீண்டும் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி 20 ஆண்டைத் தாண்டிய பைக்குக்கு ரூ.2 ஆயிரம்.

கேட்கும்போது 3 மடங்கு, 6 மடங்கு என்று அதிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் இது 5 ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் பணம். ரூ.1,000 என்பது மாதத்துக்கு 17 ரூபாய் கூட வரவில்லை. ரூ.2 ஆயிரம் என்றாலும் மாதம் 33 ரூபாய்தான். பசுமை வரி தனி. அதைச் சேர்த்தாலும் இந்தச் செலவுக்கு பயந்து வண்டியை விற்க வேண்டியது இல்லை.

பணத்தை உண்மையில் தின்பது தாமதம்தான். ஆர்.சி. முடிந்த பிறகு விண்ணப்பித்தால் பைக்குக்கு ஒவ்வொரு மாதத்துக்கும் ரூ.300 அபராதக் கட்டணம் சேரும். ஒரு வருஷம் சும்மா இருந்தால் ரூ.3,600. "அப்புறம் பாத்துக்கலாம்" என்று 2 வருஷம் விட்டால் ரூ.7,200. வண்டியை விற்றால் கிடைக்கும் பணத்தில் பெரும்பகுதி இதற்கே போய்விடும்.

ஆர்.சி. முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம் என்று விதி சொல்கிறது. 25-ம் நம்பர் படிவம், ஆர்.சி., நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகை சான்றிதழ் ஆகியவற்றுடன் வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு கொண்டு போக வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார். ஹெட்லைட், இன்டிகேட்டர், பிரேக், டயர், நம்பர் பிளேட் ஆகியவற்றை முன்கூட்டியே சரிசெய்துவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

புது வண்டியின் உண்மையான விலை

இனி புது வண்டி பக்கம் வருவோம்.

2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக குறைக்கப்பட்டது. வரிக்கு முன் ரூ.60 ஆயிரம் விலை உள்ள ஒரு வண்டி, முன்பு ரூ.76,800-க்கு விற்றது. வரி குறைந்த பிறகு ரூ.70,800. ஆக ரூ.6 ஆயிரம் மிச்சம்.

ஆனால் இது ஷோரூம் விலைதான். ரோட்டில் இறங்கும்போது கதை வேறு.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாகன வரி உயர்த்தப்பட்டது. அதன்படி ரூ.1 லட்சம் வரையிலான புது டூவீலருக்கு ஆயுள் வரி 10 சதவீதம். அதற்கு மேல் விலை என்றால் 12 சதவீதம். நமது கணக்கில் உள்ள வண்டிக்கு இதுவே சுமார் ரூ.7 ஆயிரம் வந்துவிடும்.

அடுத்தது இன்சூரன்ஸ். 2018 செப்டம்பர் 1-ந் தேதி முதல் புது டூவீலருக்கு 5 ஆண்டுக்கான மூன்றாம் நபர் இன்சூரன்சை மொத்தமாக கட்ட வேண்டும். 2022 ஜூனில் நிர்ணயிக்கப்பட்ட கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரையிலான வண்டிக்கு இது ரூ.3,851. இதன் மீது ஜி.எஸ்.டி. தனி. பதிவுக் கட்டணம், சொந்த சேத இன்சூரன்ஸ் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். சீட் கவர், சைடு ஸ்டாண்டு, சேலை கார்டு என்று ஷோரூமில் சேர்க்கும் சில்லறை அயிட்டங்களுக்கும் ஒரு தொகை போகும்.

ஆக வரி குறைப்பில் கிடைத்த மிச்சத்தை ஆயுள் வரியும் இன்சூரன்சும் விழுங்கிவிடுகின்றன. போஸ்டரில் உள்ள விலையை நம்பிப் போகாமல், "ஆன்ரோடு எவ்வளவு?" என்று ஒரே தாளில் எழுதி வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

டியூவில் ஒளிந்திருக்கும் வட்டி

பெரும்பாலானோர் டியூ போட்டுத்தான் வண்டி எடுக்கிறார்கள். முன்பணம் போக ரூ.75 ஆயிரம் கடன், 3 வருஷம், 10 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 10 சதவீதம் "பிளாட் ரேட்" என்றால் கவனம் தேவை. முழு ரூ.75 ஆயிரத்துக்கும் 3 வருஷமும் வட்டி போடுவார்கள். வட்டி மட்டும் ரூ.22,500. மொத்தம் ரூ.97,500. இதை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாத டியூ ரூ.2,708.

மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் வட்டி மட்டும் முதல் நாள் கடனுக்கே போடப்படுகிறது. குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் வட்டி போடும் முறையில் பார்த்தால் இது ஏறத்தாழ 18 சதவீத வட்டிக்கு சமம். "பத்து பர்சன்ட்தான் சார்" என்று சொல்வதில் உள்ள சூட்சுமம் இதுதான்.

இதற்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2024 அக்டோபர் 1-ந் தேதி முதல் இப்படிப்பட்ட கடன்களுக்கு எல்லா செலவும் சேர்ந்த உண்மையான ஆண்டு வட்டியை ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டுள்ளது. "கே.எப்.எஸ். தாள் கொடுங்க" என்று கேட்டு வாங்கி, அதில் உள்ள வட்டியைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து போட வேண்டும். அது வாங்குபவரின் உரிமை.

மைலேஜ் மிச்சம் டியூ கட்டுமா?

"புது வண்டி 60 கொடுக்கும். பெட்ரோல்ல மிச்சம் ஆகுற காசே டியூ கட்டிரும்" என்பது ஷோரூம்களில் கேட்கும் வழக்கமான பேச்சு. இதைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

பழைய வண்டி லிட்டருக்கு 40 கிலோ மீட்டர், புது வண்டி 60 கிலோ மீட்டர், மாதத்தில் 26 நாள் வேலை. கணக்கு எளிதாக இருக்க பெட்ரோல் லிட்டர் ரூ.100 என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கொத்தனார் தினமும் 15 கிலோ மீட்டர் ஓட்டுகிறார். மாதம் 390 கிலோ மீட்டர். பழைய வண்டிக்கு ரூ.975 பெட்ரோல். புது வண்டிக்கு ரூ.650. மிச்சம் ரூ.325. டியூ ரூ.2,708. கையில் இருந்து போவது ரூ.2,383.

ஒரு மீன் வியாபாரி காசிமேட்டில் சரக்கு எடுத்து தெருத்தெருவாக விற்கிறார். தினமும் 40 கிலோ மீட்டர் என்றால் மாதம் 1,040 கிலோ மீட்டர். பழைய வண்டிக்கு ரூ.2,600. புது வண்டிக்கு ரூ.1,733. மிச்சம் ரூ.867. கையில் இருந்து போவது ரூ.1,841.

உணவு டெலிவரி செய்யும் இளைஞர் ஒரு நாளைக்கு 100 கிலோ மீட்டர் ஓட்டுகிறார். மாதம் 2,600 கிலோ மீட்டர். பழைய வண்டிக்கு ரூ.6,500. புது வண்டிக்கு ரூ.4,333. மிச்சம் ரூ.2,167. கையில் இருந்து போவது ரூ.541 மட்டுமே.

ஒரே வண்டி, ஒரே டியூ. ஆனால் 3 பேருக்கு 3 விதமான முடிவு. கொத்தனாருக்கு புது வண்டி சுமை. டெலிவரி இளைஞருக்கு கிட்டத்தட்ட வண்டியே தன் டியூவைக் கட்டிக்கொள்கிறது. 100 கிலோ மீட்டர் ஓட்டுபவருக்குக்கூட பெட்ரோல் மிச்சம் மட்டும் முழு டியூவைக் கட்டாது என்பதும் இதில் தெரிகிறது.

கூலி போகும் நாள்

நடுவில் இருப்பவர் மீன் வியாபாரி. அவரைப் போன்றவர்களுக்குத்தான் முடிவு எடுப்பது கஷ்டம். அங்கேதான் இன்னொரு கணக்கு வருகிறது.

பழைய வண்டியில் பெரிய செலவு ஸ்பேர் பார்ட்ஸ் அல்ல. வண்டி நின்றுபோகும் நாள்தான். விடிகாலையில் கிக்கர் அடித்து அடித்து கால் வலித்து, ஸ்டார்ட் ஆகாமல் போனால் அன்றைய சரக்கு இல்லை. சரக்கு இல்லை என்றால் வருமானம் இல்லை. இதை ஒர்க்‌ஷாப் பில்லில் யாரும் எழுதுவது இல்லை.

அவருக்கு ஒரு நாள் வருமானம் ரூ.900 என்று கொண்டால், மாதத்தில் 2 நாள் வண்டியால் வேலை கெட்டாலே ரூ.1,800 போய்விடும். மேலே சொன்ன ரூ.1,841-க்கு அது கிட்டத்தட்ட சமம். அதன்மேல் ரிப்பேர் செலவும் சேர்ந்தால் பழைய வண்டியை வைத்திருப்பதுதான் நஷ்டம்.

மாறாக வண்டி வருஷத்தில் ஒருமுறையோ 2 முறையோதான் மக்கர் செய்கிறது என்றால், டியூவில் மாட்டிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

எனவே முடிவு எடுக்கும் முன்பு 3 மாதம் ஒரு சின்ன நோட்டில் 2 விஷயத்தை எழுதினால் போதும். ஒன்று, வண்டிக்கு செய்த ரிப்பேர் செலவு. மற்றொன்று, வண்டியால் கெட்ட வேலை நாள். ஆயில் சர்வீஸ், டயர் போன்றவை புது வண்டிக்கும் உண்டு என்பதால் அவற்றை இதில் சேர்க்கக் கூடாது. 3 மாத மொத்தத்தை மூன்றால் வகுத்து, அதனுடன் மாத பெட்ரோல் மிச்சத்தைக் கூட்டினால் வரும் தொகை டியூவை விட அதிகமா, குறைவா என்று பார்க்கலாம். அதிகம் என்றால் மாற்றலாம். குறைவு என்றால் வைத்துக்கொள்ளலாம்.

இ-20 பெட்ரோலால் ஆபத்தா?

"இப்ப வர்ற பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகாது" என்பது இன்னொரு கவலை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-ல் நாடு முழுவதும் விற்பனைக்கு வந்துவிட்டது.

எத்தனாலில் பெட்ரோலை விட சக்தி குறைவு. அதனால் மைலேஜ் குறையும் என்பது உண்மை. பழைய வகை டூவீலர்களில் 3 முதல் 4 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ம் ஆண்டு அறிக்கை கூறியது. 40 கொடுத்த வண்டி 38½ கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்காக புது வண்டி எடுப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் கதை.

ஆனால் ரப்பர் பாகங்களில் கவனம் வேண்டும். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் முன்கூட்டியே மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய அரசே கூறியிருக்கிறது. பெட்ரோல் டியூப் விறைத்துப் போயிருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா, கசிகிறதா என்று சர்வீசின்போது பார்க்கச் சொல்வது நல்லது. இது பெரிய செலவு அல்ல. அலட்சியமாக விட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

புது வண்டியிலும் தலைவலி

2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் பி.எஸ்.6 வண்டிகள்தான் விற்கப்படுகின்றன. புகை குறைவு. மைலேஜும் நன்றாக இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான புது வண்டிகளில் 2 சக்கரத்துக்கும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். பிரேக் கட்டாயம். மழையில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது உண்மையான நன்மை.

ஆனால் இந்த வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை சென்சார் பார்த்து கம்ப்யூட்டர் ஊற்றுகிறது. கார்புரேட்டரை கழற்றி ஊதி மாட்டி அனுப்பும் தெருமுனை மெக்கானிக்கிடம் இதை பார்க்கும் ஸ்கேனர் இல்லாமல் இருக்கலாம். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் பல வண்டிகள் கிக்கர் அடித்தாலும் கிளம்பாது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

பழைய வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. புதுப்பேட்டைக்குப் போனால் பல பழைய மாடல்களுக்கும் பாகம் கிடைக்கும். அதே சமயம் பிரேக், டயர், ஸ்டியரிங் போன்ற உயிர் காக்கும் பாகங்களில் பழைய சாமான் போட்டு ஓட்டுவது விபரீதம்.

எலக்ட்ரிக் எப்படி?

எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். ஓட்டும் செலவும் குறைவு. 3 யூனிட் பேட்டரியை யூனிட் ரூ.8 கணக்கில் சார்ஜ் போட்டாலும் சுமார் ரூ.25 முதல் ரூ.30-க்குள் முடிந்துவிடும்.

ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஓனரை. கீழே பிளக் பாயிண்ட் கிடைக்குமா? மாடி வீடு என்றால் பேட்டரியை கழற்றி மேலே கொண்டு போக முடியுமா? மூட்டை ஏற்றுகிற வேலைக்கு அந்த ஸ்கூட்டர் தாங்குமா? பேட்டரிக்கு எத்தனை வருஷம் வாரண்டி? இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகுதான் மைலேஜ் பேச்சு.

மத்திய அரசு மானியத்தை நம்பியும் கணக்கு போடக் கூடாது. 2024-ல் ஒரு வண்டிக்கு அதிகபட்சம் ரூ.10 ஆயிரம் இருந்த மானியம் 2025 ஏப்ரலில் ரூ.5 ஆயிரமாக பாதியாக குறைந்தது.

நடுவழி: செகண்ட் ஹேண்ட்

15 வருஷ வண்டி தாங்காது, புது வண்டி டியூவும் கட்ட முடியாது என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உள்ளது. 6, 7 வருஷமான வண்டியை கையில் உள்ள காசுக்கு வாங்குவது. உதாரணமாக 2018-ல் பதிவான வண்டிக்கு 2033 வரை ஆர்.சி. செல்லும். டியூ இல்லை. ஆயுள் வரி கட்டியாகிவிட்டது.

ஆனால் இதில் ஒரே ஒரு விஷயத்தில் கோட்டை விட்டால் எல்லாம் போச்சு. அது பெயர் மாற்றம்.

"29, 30 பாரம் ரெண்டுலயும் கையெழுத்து போட்டு கொடுத்துட்டேன், என் வேலை முடிஞ்சுது" என்று விற்பவர் நினைக்கிறார். "எப்பவாவது மாத்திக்கலாம்" என்று வாங்குபவர் நினைக்கிறார். விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம்.

2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கிய தீர்ப்பு கூறியது. ஒரு கார் பல கை மாறிய பிறகு விபத்தில் சிக்கியது. ஆனால் ஆர்.சி.யில் முதல் உரிமையாளர் பெயரே இருந்தது. நஷ்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று கோர்ட்டு கூறிவிட்டது. வண்டியை விற்று வருஷக்கணக்கில் ஆன பிறகும் அவர் தப்பிக்க முடியவில்லை.

அதேபோல் டியூ முடிந்த வண்டி என்றாலும் ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்.ஓ.சி.யும், 35-ம் நம்பர் படிவமும் இல்லாத வண்டிக்கு அட்வான்ஸ் கூட கொடுக்கக் கூடாது.

காயலான் கடைக்கு போடும் முன்பு

வண்டி இனி தேறாது என்று காயலான் கடையில் எடைக்கு போடுபவர்களும் உஷாராக இருக்க வேண்டும். இரும்பு போய்விட்டாலும் ஆர்.டி.ஓ. பதிவேட்டில் வண்டி உயிரோடு இருக்கும். அந்த நம்பரையோ, சேஸையோ யாராவது தவறாக பயன்படுத்தினால் போலீசார் கதவைத் தட்டுவது பழைய உரிமையாளர் வீட்டில்தான்.

வண்டி அழிக்கப்பட்டால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு தெரிவித்து ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும். பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்தால் அதற்கான சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்றிதழைக் காட்டி புது சொந்த வண்டி எடுத்தால் வாகன வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று மத்திய அரசு விதி செய்துள்ளது. மாநிலத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு வண்டியை கொடுப்பது நல்லது.

குடும்பத்தை காப்பாற்றும் ரூ.714

பழசோ, புதுசோ, எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பலர் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

"வண்டியே பத்தாயிரம் கூட போகாது. இதுக்கு எதுக்கு இன்சூரன்சு?" என்பது அவர்களின் கேள்வி.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வண்டிக்காக கட்டுவது அல்ல. அந்த வண்டி மோதி யாருக்காவது உயிர் போனாலோ, கை, கால் போனாலோ கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டுக்காக கட்டுவது. மோதிய வண்டி ரூ.5 ஆயிரம் பெறுமானதா, ரூ.1 லட்சம் பெறுமானதா என்று கோர்ட்டு பார்ப்பது இல்லை. அடிபட்டவரின் வயது என்ன, வருமானம் என்ன, அவரை நம்பி எத்தனை பேர் என்றுதான் பார்க்கும். தீர்ப்பு பல லட்சம் ரூபாய் வரை போகலாம்.

இன்சூரன்ஸ் இருந்தால் அந்தப் பணத்தை கம்பெனி கட்டும். இல்லாவிட்டால் வண்டி உரிமையாளர்தான் கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால் ஊரில் உள்ள வீடு, நிலம் ஜப்திக்கு வரும். அந்தச் சுமை அவரோடு போகாது. மனைவி, பிள்ளைகள் தலையிலும் இறங்கும்.

2022 ஜூனில் நிர்ணயிக்கப்பட்ட கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரையிலான பைக்குக்கு ஒரு வருஷ மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ரூ.714. 75 சி.சி. வரை என்றால் ரூ.538. ஜி.எஸ்.டி. தனி. ஒரு நாள் கூலிக்கும் குறைவான தொகை. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை அபராதமே ரூ.2 ஆயிரம். மீண்டும் பிடிபட்டால் ரூ.4 ஆயிரம்.

இன்சூரன்ஸ் இருந்தும் ஆர்.சி. செல்லாததாக இருந்தாலும் சிக்கல் வரும். பதிவு காலாவதியான ஒரு கார் திருடுபோன வழக்கில், இன்சூரன்ஸ் பணம் கேட்க முடியாது என்று 2021 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆர்.சி., இன்சூரன்ஸ் இரண்டும் ஒன்றாக நடப்பில் இருந்தால்தான் பாதுகாப்பு.

எது முதலில்?

மொத்தத்தில் கையில் இருக்கும் காசை எந்த வரிசையில் செலவு செய்வது என்பது தெளிவாகிறது. முதலில் இன்சூரன்சும் ஆர்.சி.யும். அடுத்து பிரேக்கும் டயரும். அதன்பிறகு கிலோ மீட்டர் கணக்கும் கூலி கணக்கும். அந்தக் கணக்கு "மாற்று" என்று சொன்னால் மட்டுமே ஷோரூம் வாசல்.

தினமும் 15, 20 கிலோ மீட்டர் ஓட்டுபவர், வண்டி அடிக்கடி நிற்காதவர், பேப்பரை சரிசெய்து பழைய வண்டியையே ஓட்டலாம். அவருக்கு டியூ கட்டும் ரூ.2,708 பிள்ளைகளின் பள்ளிக்கூட பீசுக்கு உதவும். தினமும் 100 கிலோ மீட்டர் ஓட்டி பிழைப்பவர் பழைய வண்டியோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தம் இல்லை. நடுவில் இருப்பவர்கள் 3 மாதம் நோட்டு எழுதிப் பார்த்துவிட்டு முடிவு எடுக்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் புது வண்டி எடுத்துவிட்டார் என்பதற்காக எடுத்தால், டியூ கட்டுவதற்கு பக்கத்து வீட்டுக்காரர் வரமாட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.